சிவப்பாத் தெரிஞ்ச காடு

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க சார். சாக்கு இடிக்குதேன்னு பாக்காதீங்க, உள்ள இருக்கிறது வெட்டிவேர் நாத்து. ஈரமா இருக்கும், ஆனா கறை புடிக்காது. இதுக்குப் போய் லக்கேஜ் டிக்கெட் போடணும்னு நிக்கிறான் அந்தக் கண்டக்டரு. புல்லுக்கு டிக்கெட் கிழிக்கிற பஸ்ஸை இன்னைக்குத்தான் பாக்குறேன். கிட்ட வாங்கன்னு சொன்னது இடத்துக்காக மட்டும் இல்லை சார். நான் சொல்லப்போறது முன் சீட்டுக்காரர் காதுல விழ வேண்டாம். அவரு எங்க ஊருப் பக்கம். அவரு காதுல விழுந்தா, நாம இறங்குறதுக்குள்ள பாதி ஊருக்குப் போயிரும்.

உங்க பையைப் பாத்தா கம்ப்யூட்டர்ப் பை மாதிரி இருக்கு. அப்ப உங்களுக்குச் சேட்டிலைட்டு தெரிஞ்சிருக்கும். வானத்துல சுத்திக்கிட்டே கீழ இருக்கிறதைப் படம் புடிக்குமே, அது. தெரியும்ல? அதை நான் ஏமாத்திட்டேன் சார்.

சிரிக்காதீங்க. அவ்வளவு படிச்சவங்க செஞ்சு மேல அனுப்புன சாமானை, கையில ஒரு மம்பட்டியை மட்டும் வெச்சுக்கிட்டு ஒருத்தன் ஏமாத்தினான்னா அது நான்தான். கரட்டுப்பட்டியில வந்து வேலாண்டி எப்படிப்பட்ட ஆளுன்னு கேட்டுப் பாருங்க. விவரமான ஆளுன்னு சொல்லுவாங்க. வாய்விட்டுச் சொல்லாட்டியும் மனசுக்குள்ள நினைச்சுக்குவாங்க. பஸ்ஸுக்குக் கூரை இருக்கு, அதனாலதான் இங்க வெச்சுச் சொல்றேன். வெட்டவெளியில இதைப் பத்தி நான் வாயே திறக்குறது இல்லை.

முதல்ல இடத்தைச் சொல்லிடுறேன், அப்பத்தான் உங்களுக்குப் புரியும். எங்க ஊருக்கு மேக்கால ஒரு கரடு, மொட்டைப் பாறைக் குன்று. கரட்டுல இருந்து ஒரு ஓடை இறங்குது. ஓடையை ஒட்டி என் காடு. என் காட்டுக்குக் கீழ, சரிவுல, எங்க அண்ணன் காடு. அண்ணன் ஒச்சப்பன் இப்ப இல்லை, போயிச் சேந்துட்டான். காட்டை அண்ணன் பொண்டாட்டி வெச்சிருக்கு, சீரங்காயி மதினி. மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். ஒத்த ரூம்பு வீடு. "ஆத்தா, வந்துரு"ன்னு கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கான். மதினி போக மாட்டேங்குது. "அங்க நான் காலை நீட்டணும்னா மருமக எந்திரிச்சு உட்காரணும்"னு சொல்லும்.

இந்த ஓடை இருக்குது பாருங்க, மழைக்காலத்துல நாலு நாளு தண்ணி போகும். மத்த நாளெல்லாம் சும்மாதான் கிடக்கும். சும்மா கிடக்கிறதுக்கு இம்புட்டு அகலம் எதுக்குன்னு, நான் என் வரப்பை அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளிப் போட்டேன். கொஞ்சம்னா, ஓடையில ஒரு பாதி. நான் ஒருத்தன் செஞ்சதா இது? எல்லா ஊர்லயும் நடக்குறதுதானே. அந்த இடத்துல நான் வெள்ளாமை கூட வைக்கலை சார். சீமைக்கருவேலு தானா முளைச்சு அடைஞ்சு போச்சு. நல்லதாப் போச்சு, மறைவா இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

அதுக்கப்புறம் மழை பேஞ்சா ஓடைத்தண்ணிக்கு வழி பத்தலை. நேரா என் காட்டுக்குள்ள ஏறுது. நிலக்கடலையில தண்ணி நின்னா என்ன ஆகும்? அழுகிப்போகும். அதனால கீழ் வரப்புல ஒரு வாய் வெட்டி விட்டேன். தண்ணி மதினி காட்டுக்குள்ள இறங்கிருச்சு. தண்ணி பள்ளத்தைப் பாத்துத்தான் போகும், அது நான் போட்ட சட்டமா?

அதுல மதினி காட்டுக்கு நடுவுல பள்ளம் விழுந்துச்சு. முதல்ல முழங்கால் ஆழம்தான். அப்புறம் இடுப்பு. அப்புறம் ஆளு இறங்கினா தலை தெரியாது. மேல் மண்ணு பூராம் அரிச்சுக் குளத்துக்குப் போயி, அடியில ஓடைக்கல்லும் சுக்காம்பாறையும் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குது. பள்ளம் வருசா வருசம் நகந்து நகந்து கிணத்துக்கிட்ட வந்துருச்சு. பள்ளத்துக்கும் கிணத்துக்கும் நடுவுல ஒரு கட்டில் போடுற இடம்தான் பாக்கி. இன்னும் ஒரு ஐப்பசி மழை, கிணறு உள்ள சரிஞ்சிரும்னு ஊரே சொல்லுச்சு.

கிணறு போனா அப்புறம் மதினிக்கு அங்க என்ன வேலை? திருப்பூர் பஸ்தான். காட்டைப் பங்காளி எனக்கு விட்டுட்டுப் போறதைத் தவிர வேற வழி இல்லை. நானும் நியாயமான விலைக்குத்தான் கேட்டேன். கிணறு இல்லாத காட்டுக்கு என்ன விலையோ அந்த விலை. "கிணறு இருக்குதே கொழுந்தனாரே"ன்னு கேட்டுச்சு. "இருக்கு மதினி, ஆனா இருக்கப்போறது இல்லையே"ன்னேன். தப்பா சார் அது? அன்னைக்கு நின்ன பேச்சுதான், ஒரு வருசம் என் முகத்தைப் பாக்கலை. பொம்பளைங்களுக்கு முன்யோசனை கிடையாது.

இப்படி இருக்கையிலதான் ஒரு ஆடி மாசம் அந்த மேடம் வந்தாங்க. சுகிர்தா மேடம்னு பேரு. நாகர்கோயில் பக்கத்துப் பொண்ணு. மண்ணு அரிக்காம, மழைத்தண்ணி வீணாப் போகாம எங்கெங்க என்னென்ன செய்யலாம்னு திட்டம் போட வந்தவங்க. ஊரையெல்லாம் சமுதாயக்கூடத்துக்குக் கூப்பிட்டு, கல்யாண பேனர் அளவுக்கு ஒரு படத்தைச் செவுத்துல கட்டுனாங்க. அதுல மாப்பிள்ளை இல்லை, பொண்ணு இல்லை. எங்க ஊரு இருந்துச்சு. சேட்டிலைட்டு மேலேர்ந்து எடுத்ததாம். கரடு, குளம், ரோடு, அவங்கவங்க காடு, எல்லாம் தெரியுது. ஓடையெல்லாம் கை நரம்பு மாதிரி இறங்குது.

மேடம் நல்லாத்தான் சொன்னாங்க. மழை விழுந்தா தண்ணி எந்த வழியா இறங்குது, எங்க வேகம் புடிக்குது, எங்க மண்ணை அள்ளிட்டுப் போகுது, எல்லாம் இந்தப் படத்தை வெச்சுக் கண்டுபிடிச்சிருக்கோம்னாங்க. வேலையைக் கரட்டு உச்சியில ஆரம்பிச்சுப் படிப்படியாக் கீழ வருவாங்களாம். மேல ஓட்டமா வர்ற தண்ணியைக் கீழ எம்புட்டுப் பெரிய செவுரு கட்டினாலும் புடிக்க முடியாதாம். ஓடையை அது போற வழியில விடணுமாம்.

இதெல்லாம் என் காதுல அரைகுறையாத்தான் விழுந்துச்சு சார். ஏன்னா நான் படத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். ஊரு முக்காவாசி சாம்பலாவும் நீலமாவும் கிடக்கு, அங்கங்க கொஞ்சம் சிவப்பு. மதினி காடு வெளுத்துப்போயி எலும்பு மாதிரி இருக்கு. என் காட்டுல, சரியா ஓடைப்பக்கம் நான் தள்ளிப் போட்ட இடம் மட்டும், ரத்தச் சிவப்பு. நாக்கை நீட்டுன மாதிரி ஓடைக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்குது. அளந்து வெச்ச மாதிரி, நான் போட்ட வரப்புல வந்து நிக்குது சார்.

பக்கத்துல உட்காந்திருந்த பூசாரிகிட்ட, "அந்தச் சிவப்பு என்னய்யா?"ன்னு மெதுவாக் கேட்டேன். அந்த ஆளு சத்தமா மேடம்கிட்டக் கேட்டுட்டான்.

"பயப்படாண்டாம்," அப்படின்னாங்க மேடம். "சிவப்பா இருக்கிறது எல்லாம் செடி, மரம், பயிர். பச்சை இலை நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். அதை இந்தப் படத்துல சிவப்பாக் காட்டுவோம். அவ்வளவுதான்."

கேட்டுக்கிட்டீங்களா? பச்சையைச் சிவப்பாக் காட்டுவாங்களாம். அதுவும் பயப்பட வேண்டாம்னு வேற சொல்றாங்க. பயப்பட ஒண்ணும் இல்லைன்னா பயப்படாதேன்னு எதுக்குச் சொல்லணும்? போலீஸ்காரன் சும்மா விசாரிக்கத்தான்னு சொல்லித்தானே ஜீப்புல ஏத்துவான். நான் மத்த சிவப்பையெல்லாம் ஒவ்வொண்ணாப் பாத்தேன். பஞ்சாயத்துத் தலைவர் தென்னந்தோப்பு சிவப்பு. சரிதான், அவரு பண்ணாத தில்லுமுல்லா? ரேஷன் கடைக்காரர் வாழை சிவப்பு. கேக்கவே வேண்டாம். கோயில் தோப்பும் சிவப்பு. சாமி என்ன தப்புப் பண்ணுச்சுன்னு ஒரு நிமிசம் குழம்பிப்போனேன். அப்புறம் பக்கத்துல இருந்த பூசாரியைத் திரும்பிப் பாத்தேன். கணக்குச் சரியா வந்துருச்சு.

அப்ப என்ன ஆச்சுன்னா, என்னை அறியாம நான் எந்திரிச்சு நின்னுட்டேன்.

"மேடம், ஓடையை யாரும் மறிக்கலை," அப்படின்னேன்.

மேடம் என்னைப் பாத்தாங்க. "யாரும் மறிச்சதா நான் சொல்லலியே அய்யா."

"சொல்லிறக் கூடாதேன்னுதான் சொன்னேன்," அப்படின்னுட்டு உட்காந்துட்டேன்.

பொம்பளைங்க பக்கத்துல இருந்து மதினி மட்டும் திரும்பி என்னைப் பாத்துச்சு. ஒரு வருசமா இந்தப் பக்கம் திரும்பாத முகம். என்னைப் பாத்துச்சு, படத்தைப் பாத்துச்சு, திரும்ப என்னைப் பாத்துச்சு. கூட்டம் முடிஞ்சு எல்லாரும் கிளம்புனப்புறம் மதினி மேடம்கிட்ட நின்னு ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்துச்சு. படத்துல விரலை வெச்சு அங்க இங்க காட்டி என்னமோ கேட்டுச்சு. சரி, தன் கதையைச் சொல்லி அழுகுது, ஆறுதலாவது கிடைக்கட்டும்னு நான் வந்துட்டேன்.

மறுநாள் காலையில வரப்புல நிக்கிறேன், மதினி நேரா என்னைப் பாத்து வருது.

"என்ன மதினி, திருப்பூர் கிளம்பியாச்சா?"ன்னு கேட்டேன்.

"கிளம்ப வேண்டியதுதான் கொழுந்தனாரே. அதுக்கு முன்னால உங்ககிட்ட ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். வேண்டாம், விடுங்க, உங்களுக்கு மனசு கஷ்டமாப் போகும்."

"அட, சொல்லு மதினி."

"அந்தப் பொண்ணுகிட்ட விசாரிச்சேன். சிவப்பு…" மதினி அப்படியே நிறுத்தி, முந்தானையால வாயைத் துடைச்சுக்கிச்சு. "நீங்க நினைக்கிறது சரிதான்."

"நான் என்ன நினைக்கிறேன்?"

"அதான், நேத்து எந்திரிச்சு நின்னீங்கல்ல, அது."

எனக்கு வரப்பு ஆடுற மாதிரி இருந்துச்சு. "என்னை மட்டுமா?"

"ஊர்ல நிறையப் பேரு இருக்காங்க. ஆனா ஓடைக்குள்ள போயிச் சிவந்தது நீங்க ஒருத்தர்தான்."

அப்புறம் மதினி சொல்லுச்சு, சேட்டிலைட்டு ஒரு தடவையோட விடாதாம். ரெண்டு மூணு வாரத்துக்கு ஒருக்கா இதே வழியா வருமாம். பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாப்பாங்களாம். மாறியிருந்தா மாறினதைத்தான் எடுத்துக்குவாங்களாம்.

"இது எனக்கு எதுக்கு, நான்தான் போகப்போறேனே. ஆனா நாளைக்குப் பேப்பர்ல வந்தா ஒச்சப்பன் தம்பின்னுதான் போடுவான். அவரு பேரும் சேந்துல்ல கெடும்," அப்படின்னுச்சு.

பாருங்க சார். நம்மகிட்டக் கோவமா இருந்தாலும் குடும்ப மானம்னு வந்தா விட்டுக்கொடுக்கலை. அந்த இடத்துல எனக்கு மதினி மேல ஒரு மரியாதை வந்துச்சு. வேற விசயத்துல விவரம் பத்தாதுன்னாலும் இதுல நல்ல மாதிரி.

அப்புறம் என்ன, தடயத்தை அழிக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டேன். ஜேசிபியைக் கூப்பிட்டுக் கருவேலத்தை வேரோட புடுங்கித் தள்ளினேன். ஓடைக்குள்ள போட்ட வரப்பைக் கலைச்சு, பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். ஓடை பழைய மாதிரி அகலமாக் கிடந்துச்சு. இதுவரைக்கும் போதும்னுதான் நினைச்சேன். மதினி வந்து பாத்துட்டு உதட்டைப் பிதுக்குச்சு.

"கீழ் வரப்புல வாய் வெட்டியிருக்கே, அது அப்படியே தெரியுமே கொழுந்தனாரே. திருடன் வீட்டைச் சாத்திட்டு சன்னலைத் திறந்து வெச்ச மாதிரி."

அதை அடைச்சேன்.

"அடைச்சது நேரா இருக்கு. நேரா ஒரு கோடு இருந்தா மனுசன் போட்டதுன்னு மேலேர்ந்து தெரிஞ்சிரும். சரிவுக்குக் குறுக்கால, மேடு பள்ளம் இல்லாம ஒரே மட்டத்துல வளைஞ்சு வளைஞ்சு போகணும். அப்பத்தான் பூமியில தானா வந்த மாதிரி இருக்கும்."

"மட்டத்தை எப்படிப் பாக்குறது?"

டியூப்புல தண்ணி ஊத்தி மட்டம் பாக்குற வேலையை மதினியே செஞ்சுச்சு, கொத்தனார்கிட்டச் சித்தாளா இருந்த கைதானே. ஒரு முனையை அது புடிக்க, மறு முனையை நான் புடிக்க, காட்டைச் சுத்திப் பாம்பு மாதிரி வரப்புப் போட்டேன். அடுத்து அந்தப் பள்ளம். "இது என் காட்டுலதான் இருக்கு, ஆனா எங்கேர்ந்து ஆரம்பிக்குதுன்னு விரலை வெச்சுக்கிட்டே போனா நேரா உங்க வரப்புல வந்து முட்டும்"னுச்சு மதினி. அதுவும் நியாயம்தான். கரட்டுக் கல்லை வண்டியில அடிச்சு, பள்ளத்துக்குக் குறுக்கால அடுக்கடுக்காக் கட்டினேன். ஒவ்வொரு அடுக்கையும் நட்டநடுவுல மட்டும் கொஞ்சம் தாழ்த்தி விடச் சொல்லுச்சு, பாக்குறவனுக்கு ஆடு போற தடம் மாதிரித் தெரியுமாம். எப்படி யோசனை பாருங்க. நம்ம கூடப் பழகினா யாருக்கும் கொஞ்சம் விவரம் வந்துரும்.

ஒரு சந்தேகம் மட்டும் எனக்கு இருந்துச்சு. "ஆளு அடையாளம் தெரியுமா மதினி?"

"ஆளு தெரியாது. ஆனா உங்க பச்சைத் தலைப்பாகை இந்த வட்டாரத்துக்கே தெரியும்." வீட்டுக்குப் போயி அண்ணன் துண்டைக் கொண்டுவந்து கொடுத்துச்சு. காவிக்கரை போட்ட வெள்ளைத் துண்டு, அண்ணன் கட்டிக்கிட்டு உழுதது. "இதைக் கட்டிக்குங்க. உங்க அண்ணன்னு நினைச்சுக்குவாங்க."

"அண்ணன்தான் செத்துப்போயிட்டானே?"

"அது மேல இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?"

அது சரிதானே சார்? கட்டிக்கிட்டேன். முதல்ல ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. எங்க அண்ணன் வேலை செய்யுறப்ப வாயைத் திறக்க மாட்டான், வெத்திலையை ஒரு பக்கம் அதக்கிக்கிட்டு வெட்டிக்கிட்டே போவான். எனக்கும் அந்தத் துண்டைக் கட்டுனதுல இருந்து பேச்சு வரலை. மதினி கல்லு எடுத்துக் கொடுக்கும், நான் அடுக்குவேன். ஒருக்கா நான் நிமிர்றப்ப மதினி கல்லைக் கையில வெச்சுக்கிட்டு என் தலையவே பாத்துக்கிட்டு நின்னுச்சு. "என்ன மதினி"ன்னேன். "ஒண்ணும் இல்லை, கண்ணுல தூசி"ன்னுச்சு.

புரட்டாசியில மேடம் வந்தாங்க. படத்துல இருக்கிறதும் தரையில இருக்கிறதும் ஒண்ணான்னு நடந்து பாக்குறதுக்காம். கையில ஒரு சின்னப் பொட்டி, நாம நிக்கிற இடம் அதுல புள்ளியாத் தெரியுது. பயத்தை வெளியில காட்டிக்கலை.

"அய்யா, இந்த வரப்பு யாரு போட்டது?"

"எந்த வரப்பு?"

"நீங்க நிக்கிறீங்களே, அது."

"அது ரொம்ப நாளா இருக்குது மேடம்."

"மண்ணு காயவே இல்லியே."

"எங்க மண்ணு அப்படித்தான். லேசுல காயாது."

மேடம் சிரிச்சாங்க. பள்ளத்துல இறங்கிக் கல்லடுக்கைத் தட்டித் தட்டிப் பாத்தாங்க. "இங்க என்ன செய்யணும்னு நான் வரைஞ்சு வெச்சிருந்தேனோ அதெல்லாம் முடிஞ்சு கிடக்கு. ஓடை விசயத்தை உங்ககிட்ட எப்படிப் பேசன்னுதான் தெரியாம இருந்தேன். உங்களுக்கு யாரு அய்யா இதெல்லாம் சொன்னது?"

"எனக்கு ஒருத்தர் சொல்லணுமா?"ன்னேன்.

மதினி ஓரமா நின்னு முந்தானையால வாயைப் பொத்திக்கிச்சு, வெயில் தாங்கலை போல. மேடம் என்னைப் படம் எடுக்க வந்தாங்க. நான் விடுவேனா? அண்ணன் துண்டை இழுத்து முகத்தை மூடிக்கிட்டேன். "வெக்கப்படாண்டாம் அய்யா"ன்னாங்க. கடைசியில அவங்க வாயாலேயே சொன்னாங்க: "உங்க இடத்துல இனி எங்களுக்கு ஒண்ணும் இல்லை." கேட்டீங்களா? விடுதலை. சாட்சியோட விடுதலை.

ஐப்பசி பொறந்துச்சு. அந்த வருசம் வெச்சு வாங்கிருச்சு மழை. மதினி குடையைப் புடிச்சுக்கிட்டுக் கிணத்து மேட்டுலயே நின்னுச்சு. நானும் என் வரப்புல நின்னேன். ஓடையில தண்ணி கரை தொட்டு ஓடுது, என் காட்டுக்குள்ள ஏறலை. காட்டுல விழுந்தது வளைஞ்ச வரப்புல நின்னு நின்னு மண்ணுக்குள்ள இறங்குது. பள்ளத்துல தண்ணி கல்லுக்குக் கல்லு படி இறங்குற மாதிரி மெதுவாப் போகுது. கிணத்தோரத்துல ஒரு கூடை மண்ணு சரியலை. மதினி என்னைப் பாத்துச்சு. நான் துண்டைக் கட்டியிருந்தேன். மழை நாள்ல மேகத்துக்கு மேலேர்ந்து ஒண்ணும் தெரியாதுன்னு மேடம் சொல்லியிருந்தாங்கதான், இருந்தாலும் ஒரு பாதுகாப்புக்கு.

அதுல எனக்கு ஒரு நஷ்டம் சார், மறைக்காமச் சொல்றேன். கிணறு விழலை. விழாதது மட்டும் இல்லை, கையெட்டித் தண்ணி மொள்ளுற அளவுக்கு ஏறி வந்துருச்சு. மதினி திருப்பூர் பேச்சையே விட்டுட்டு, சின்ன வெங்காயம் நட்டுச்சு. காடு என் கைக்கு வரலை. ஆனா மானம் போகலை பாருங்க, அதுதான் பெரிசு. எனக்கும் அந்த வருசம் நிலக்கடலை என்னைக்கும் இல்லாத காய்ப்பு. அது நான் போட்ட உரம்.

இப்பக் கதை முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. பங்குனியில மேடம் புதுப் படம் கொண்டுவந்து மாட்டுனாங்க. போயிப் பாத்தேன். என் காடு கடலை புடுங்கி உழுது கிடக்குதா, சுத்தமா வெளுத்துப்போயி இருக்கு, ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. எனக்கு நெஞ்சு குளுந்துருச்சு. கொஞ்சம் கீழ பாக்குறேன். மதினி காடு சிவப்பு. சாதாரணச் சிவப்பு இல்லை சார், ஊர்லயே அப்படி ஒரு சிவப்பு கிடையாது. வரப்புக்கு வரப்பு குங்குமத்தைக் கொட்டுன மாதிரி இருக்கு.

முதல்ல எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. நான் தப்பிச்சேன், மதினி மாட்டிக்கிச்சு. அப்புறம் பாவமாவும் இருந்துச்சு. ஒத்தப் பொம்பளை, வெங்காயத்தைத் தவிர ஒரு தப்பும் பண்ணாதது. எல்லாருக்கும் முன்னால படத்தைப் பாத்துட்டு, மதினி தன் காட்டு மேல விரலை வெச்சுச்சு. கண்ணு ரெண்டும் தளும்பி நிக்குது. மேடம் போயிக் கையைப் புடிச்சுக்கிட்டாங்க, அவங்களுக்கே மனசு கேக்கலை.

சாயங்காலம் என் வீட்டு வாசல்ல வந்து நின்னுச்சு மதினி.

"கொழுந்தனாரே, என்னைச் சிவப்பாக்கிட்டாங்க பாத்தீங்கல்ல?"

"பாத்தேன் மதினி. என்ன பண்ணுன?"

"எனக்கு என்ன தெரியும்? நீங்கதான் இதுல கரை கண்டவரு. என் பக்கத்து வரப்பெல்லாம் மொட்டையாக் கிடக்கு, புதுமண்ணு பளிச்சுன்னு தெரியுது. வெட்டிவேர் நட்டா மூடிக்கும்னு சொல்றாங்க. மண்ணையும் புடிச்சுக்குமாம். நான் ஒண்டியா எப்படி நட…"

அதுக்கு மேல நான் பேச விடலை. எனக்கு ஆபத்துன்னப்ப அண்ணன் துண்டையே எடுத்துக் கொடுத்த மனுசி. "நீ பேசாம இரு மதினி, நான் பாத்துக்கிறேன்"னுட்டேன். எங்க அண்ணன் இருந்தா என்ன செய்வானோ அதைத்தானே நான் செய்யணும்? இன்னைக்குத்தான் அதுக்கு நேரம் வந்துச்சு. வேடசந்தூர்ல ஒரு தோட்டத்துல நல்ல நாத்து இருக்குன்னு மதினிதான் விசாரிச்சு வெச்சிருந்துச்சு. மேடம்கிட்ட இதைப் பத்தி மூச்சு விட வேண்டாம்னும் சொல்லுச்சு. சொன்னா ரகசியம் வெளிய வந்துருமாம். நான் யார்கிட்டச் சொல்லப்போறேன், உங்களைத் தவிர.

இந்தா, கரட்டுப்பட்டி விலக்கு வந்துருச்சு. சாக்கைக் கொஞ்சம் தூக்கி விடுங்க சார். பாத்து, ஓரத்துல அண்ணன் துண்டு இருக்கு. துவைச்சு, நீலம் போட்டு, மடிச்சு, காலையில சாக்கைக் கொடுக்குறப்பவே மதினி உள்ள வெச்சுவிட்டிருக்கு. இறங்குன உடனே தலையில கட்டிக்கணும். இந்த வாரம் சேட்டிலைட்டு வர்ற வாரமாம்.

காலையில இதே விலக்குல என்னை பஸ் ஏத்திவிட வந்துச்சு மதினி. பஸ்ஸு கிளம்புனப்புறம் பின் கண்ணாடி வழியாப் பாத்தேன். ரோட்டோரத்துல நின்னு, நெத்திக்கு மேல கையை வெச்சு வெயிலை மறைச்சுக்கிட்டு, அண்ணாந்து பாத்துச்சு. மேல ஒரு மேகம் இல்லை, ஒரு காக்கா குருவி இல்லை. கொஞ்ச நேரம் பாத்துட்டு, ரெண்டு கையையும் தூக்கி வானத்துக்கு ஒரு கும்பிடு போட்டுச்சு. பாவம், அம்புட்டுப் பயம். அப்புறம் முந்தானையை வாய்ல அடைச்சுக்கிட்டு, தோளு ரெண்டும் குலுங்கக் குலுங்க, வெங்காயத்துக்கு மோட்டார் போடக் காட்டைப் பாத்து நடந்துச்சு.